வீட்டில் இருப்பதும் வீட்டில் நிற்பதும்

"என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், எங்கள் தாம்பரத்துத் தெருவில் வேலைக்குப் போகாத பெண் "வீட்லதான் இருக்கேன்" என்பாள். கோப்பாயிலிருந்து என் தோழி "வீட்டிலைதான் நிக்கிறன்" என்கிறாள். யாழ்ப்பாணத்தில் நிற்பதென்றாலும் இருப்பதுதான். ஆனாலும் காலை ஐந்து மணியிலிருந்து நாங்கள் இருவரும் படும் பாட்டுக்கு அவர்களுடைய சொல்தான் பொருத்தம்.

திருச்சியில் ஒன்றாக பி.காம். படித்தோம். அவளுடையது இலங்கையிலிருந்து அகதியாக வந்த குடும்பம். போர் முடிந்த மறு வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இருவருக்கும் பிள்ளை பிறந்தது, இருவரும் வேலையை விட்டோம். இரண்டு வீடும் கணவர் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. போன வருடம் ஒரு மதியம், வீட்டுக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். கணக்குப் படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு பொழுதுபோக்கு.

என் நோட்டில் முதல் வரி: வாடகை 13,000. அவள் நோட்டில் முதல் வரி: பால்மா, அதாவது பால் பவுடர். வாடகையைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

"வாடகைய எங்கடி காணோம்?"

"என்ரை வீட்டுக்கு நான் ஏனடி வாடகை குடுக்கோணும்?"

அது சீதன வீடு. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதும் சாதாரணம். அதனால் அவளுக்கு மூன்று செலவு மிச்சம். வாடகை இல்லை. பிள்ளையைப் பார்க்கப் பெற்ற தாயே பக்கத்தில். வளவில் தென்னையும் முருங்கையும் நாலைந்து கோழியும். 2022இல் அந்த வளவின் மதிப்பு தெரிந்தது. அந்தச் செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். 400 கிராம் பால்மா பக்கெற் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87இலிருந்து 340 ஆனது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் அவள் கணவரின் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. அந்த வருடம் அவர்கள் பிள்ளைக்குக் கொடுத்த முட்டை கடையில் வாங்கியதல்ல. எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் எனக்கிருக்கும் விவசாயம் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை.

பொறாமைப்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டைக் கட்டியது அவள் அண்ணன். பாரிஸில் உணவகங்களில் கோப்பை கழுவி, தங்கைக்கு வீடு முடித்துவிட்டுத்தான் அவர் கல்யாணம் செய்தார், நாற்பது வயதில். பால்மா விலை ஏறியபோது காசு அனுப்பியவரும் அவரே. அவள் நோட்டில் வரவுப் பக்கம் ஒரே ஒரு சம்பளம்தான் எழுதியிருக்கிறது. அண்ணனின் இளமையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் பாடத்தில் சொல்லித்தரவில்லை.

தமிழ்நாட்டில் மகளுக்குச் சட்டம் கொடுத்தது குறைவில்லை. பரம்பரைச் சொத்தில் மகனைப் போலவே பங்கு என்று 1989இலேயே இங்கே திருத்தம் வந்துவிட்டது. நடப்பில் என்ன? அப்பா போன பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். "அண்ணன்கிட்ட பங்கு கேட்டா நாளைக்குப் பொறந்த வீட்டு வாசல்ல எப்படிப் போய் நிப்ப?" என்று அத்தை கேட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். திரும்பும் வழியில் அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். நல்ல புடவைதான், இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு வீட்டுக்குப் பதில் நகை. அது எங்கே போகிறது என்பதை ஜூன் மாதம் எங்கள் பகுதி கூட்டுறவு வங்கியில் வந்து பார்க்கலாம். பள்ளி திறக்கும் வாரத்தில் நகைக் கடன் கவுன்டர் முன்னால் பெண்கள் வரிசை. ஒரு கையில் பள்ளி கொடுத்த ஃபீஸ் சீட்டு, மறு கையில் மஞ்சள் பையில் சுற்றிய வளையல். மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்து எடை சொல்ல, உதடுகள் மெல்ல அசைந்து பெருக்கிக்கொள்ளும். பொங்கலுக்குள் மீட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு, மறு ஜூனில் திரும்பவும் வைப்போம். ஒற்றைச் சம்பள வீடுகளில் இரண்டாவது சம்பளம் வாங்குவது அந்த வளையல்தான்.

அந்த ஃபீஸ் எங்களாக இழுத்துக்கொண்டது. அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. தைரியம் வரவில்லை, இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தோழிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. 1960-61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இலங்கையில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். பாடப்புத்தகம் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் இலவசம். ஆனால் அவளிடம் வேறு ஓட்டை இருக்கிறது: ரியூசன். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் வகுப்பிலிருந்தே மகளை மாலை வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறாள். "நான் வேலைக்குப் போயிருந்தா ஆர் இவளை ஏத்திப் பறிக்கிறது?" என்கிறாள். இங்கே ஃபீஸ் கட்டப் பெண்கள் வேலை தேடுகிறார்கள், அங்கே ரியூசனுக்காக வேலையை விடுகிறார்கள்.

வேலையை ஏன் விட்டோம் என்பதில் மட்டும் இரண்டு பேர் கதையும் ஒன்று. 2017 ஏப்ரலில் இந்தியாவில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நான் அதை முழுசாக அனுபவித்தவள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றதும் அதே சட்டம். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் நாற்பத்துச் சொச்சம் பேர். அவளுக்குத் தனியார் வேலையில் 84 நாள். ஏழாம் மாதம் நானும் நாலாம் மாதம் அவளும் ஒரே சுவரில் போய் முட்டினோம். அரசு வேலையில் இருந்திருந்தால் இருவருமே விட்டிருக்க மாட்டோம். தமிழக அரசு ஊழியருக்கு 2021இலிருந்து 12 மாத விடுப்பு. அங்கே 84 நாள் முழுச் சம்பளம், அடுத்த 84 அரைச் சம்பளம், இன்னொரு 84 சம்பளமில்லாமல்.

வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு இரண்டு அரசுகளும் கொடுப்பதில் நுட்பமான வித்தியாசம் உண்டு. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் கணக்கிலேயே விழுகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு இல்லை, எதிர்வீட்டு அக்காவுக்கு உண்டு. கூலியில்லாத வீட்டு வேலைக்கு அங்கீகாரம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதே 2023இல் இலங்கையில் சமுர்த்திக்குப் பதில் வந்த அஸ்வெசும, குடும்பத்தின் ஏழ்மையை அளந்து கொடுப்பது. தொகை அதிகம்தான். ஆனால் அது வறுமைக்கான பணம், வீட்டுப் பாட்டுக்கானது அல்ல. ஆயிரத்தை வைத்து எந்தக் குடும்பமும் ஓடாது. இருந்தும் எதிர்வீட்டு அக்கா அதை எடுக்கத் தானே ஏ.டி.எம். போகிறார், யாரிடமும் கார்டைக் கொடுப்பதில்லை. ரேஷனையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் விலையில்லா அரிசி, துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. அந்தப் புழுங்கலரிசியை நாங்கள் இட்லிக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் கூரை உள்ளவர்கள் கதை. நுவரெலியாவிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்தில் கூரை கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் லயம் என்கிற அந்த வரிசை வீடு. அங்கே தாய் வீட்டில் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தானோ என்னவோ, நகரத்துக் கம்பெனிகள் யோசிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருந்தது. 50 பெண் தொழிலாளர் இருந்தால் காப்பகம் என்று இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே சொல்லிவிட்டது. கொழுந்து பறிக்கும் கை வேண்டுமென்றால் தொட்டிலும் வேண்டும் என்பது துரைமாருக்குப் புரிந்திருந்தது.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விஷயத்தில் இரு நாடும் கேட்ட கேள்வி வேறு. இந்தியா பெண்ணின் வயதைக் கேட்டது: குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் முப்பது ஆகியிருக்க வேண்டும். இலங்கை பிள்ளையின் வயதைக் கேட்டது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது என்றது. வீட்டில் நில் என்று உத்தரவு போட்ட அரசு, நிற்பதற்கான காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2022 ஜூனில் டொலர் வற்றியதும் அந்த ஐந்து இரண்டானது. தாய்ப்பாசத்தின் அளவை அந்நியச் செலாவணி தீர்மானித்தது என்று இதைச் சொன்னால் யாரும் கோபிக்க முடியாது. இலங்கையின் கிழக்கில் தாயைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டுத் தகப்பன் வீட்டில் நிற்கும் குடும்பங்களும் உண்டு. சோறு வடிப்பது பெரும்பாலும் அம்மம்மா.

இங்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 289 நிமிடம், செய்கிற ஆண்கள் 88. அந்த நிமிடங்களுக்குச் சொத்தில் பங்குண்டா என்ற கேள்விக்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி உண்டு என்றார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு. தீர்ப்பைத் தோழிக்கு அனுப்பினேன். "தேடிய தேட்டம் எண்டு எங்கடை தேசவழமையிலை எப்பவோ இருக்கு" என்று பதில் வந்தது. உண்மைதான். தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம். மணவாழ்வில் யார் பெயரில் தேடினாலும் இருவருக்கும் சமம் என்று 1911இன் யாழ்ப்பாணச் சட்டம் எழுதிவைத்திருந்தது. 1947இன் திருத்தம் அதைத் தளர்த்தியது.

பெருமையை அவள் அதிக நேரம் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த குரல்பதிவில் சொன்னாள்: சீதன வீட்டின் உறுதி அவள் பெயரில். ஆனால் தேசவழமைப்படி, கணவர் எழுத்தில் சம்மதிக்காமல் அந்த வீட்டை அவளால் விற்க முடியாது.

வேலையை விடலாமா என்று கேட்டு இப்போதும் சிலர் என்னிடம் வருகிறார்கள். கணவருக்கு என்ன சம்பளம் என்று நான் கேட்பதில்லை. இருக்கிற வீடு யார் பெயரில், அதை விற்க யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்கிறேன். என் வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் சாட்சிக் கையெழுத்தில் இருக்கிறது.