குடத்தில் விழாத ஓலைகள்

உழைப்பாளிக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று உள்ளம் உருகுகின்றனர் ஆலை முதல்வர்கள். ஏன் குறைந்தது என்று உழைப்பாளியைக் கேட்பதில்லை. எவ்வாறு ஊட்டுவது என்று புத்தகத்தைக் கேட்கின்றனர்! நோய் ஒருவனுக்கு, நாடி பார்ப்பது வேறொருவனுக்கு என்ற கதைதான். அத்தகைய புத்தகங்களுள் தலையாய ஒன்றை, உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து வைகறையில் எழுந்து ஆலைக்குச் செல்லும் இளைஞனின் கண்கொண்டு படித்துப் பார்க்க விழைகிறோம்.

அமெரிக்க உளநூல் அறிஞர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், துணைவர் இருவருடன் சேர்ந்து 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேலைக்கான ஊக்கம்' என்பது அந்நூல். மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். பிட்ஸ்பர்க் நகர வட்டாரத்திலே ஏறத்தாழ 200 பேரைக் கண்டு பேசினர் அவ்வறிஞர்கள். வேலையிலே நீ மிக மகிழ்ந்திருந்த வேளை எது, மிக வெறுத்திருந்த வேளை எது, அப்போது நடந்தது என்ன – கேட்டது இவ்வளவே. எளிய வினா, நேர்மையான வினாவும்கூட. விடைகளை வகுத்துப் பார்த்தபோது, மகிழ்வு தருவன ஒரு சாரார் என்றும், வெறுப்பு விளைப்பன மற்றொரு சாரார் என்றும் கண்டனர். சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு, உயர்வு – இவை ஊக்குவன. ஊதியம், மேற்பார்வை, பணியிடச் சூழல், நிறுவன நடைமுறை ஆகியவை குறைந்தால் கசப்பு வரும். நிறைந்தால் கசப்பு நீங்குமேயன்றிக் களிப்புப் பிறவாது. இந்த இரண்டாம் வகைக்கு ஹெர்ஸ்பெர்க் இட்ட பெயர் 'சுகாதாரக் காரணிகள்'.

நூலின் சிறப்பை நாம் மறைக்கப் போவதில்லை. கடிகாரத்தைக் கையில் பிடித்து உழைப்பவனின் ஒவ்வோர் அசைவையும் அளந்த டெய்லரின் காலத்திற்குப் பின்னே, செய்யும் வேலையிலே பொருள் இருக்க வேண்டும், மனிதன் மாடு அல்லன் என்று உரைத்தது பெரிய செய்திதான். பயன் கருதாது உழைப்பதே அறம் என்று பன்னெடுங்காலம் ஓதப்பட்ட நம் நாட்டில், உழைப்பவனின் மகிழ்ச்சியும் ஆராயத்தக்க பொருள் என்பதே புதுமை. ஆயுத பூசை நாளிலே பொறிக்குப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டுவர், வாயிலிலே பூசணிக்காய் உடைப்பர். பொறியை ஓட்டுபவனை, 'உனக்கு நலமா?' என்று கேட்பவர் அங்கே எத்துணைப் பேர்?

ஆனால், ஹெர்ஸ்பெர்க் கண்டு பேசிய அந்த 200 பேர் யார்? பொறியாளர்கள், கணக்காளர்கள்! நாற்காலி முன்னமே கிடைத்துவிட்டவர்கள். நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு நாற்காலி மகிழ்ச்சி தராதுதான். கடைகளிலே நாள் முழுதும் நின்றே வேலை செய்தோர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் சட்டம் இயற்ற நேர்ந்த தமிழகத்திலே, இருக்கையைச் 'சுகாதாரக் காரணி' என்று கீழ்ப்படியில் வைத்துவிட முடியுமா? மேலும், நூல் சொன்னது ஒன்று, நூலைக் கற்ற மேலாளர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. ஊதியம் மட்டும் போதாது என்றார் ஆசிரியர். ஊதியமே வேண்டாம், முதுகில் தட்டிக்கொடுத்தால் போதும் என்று இவர்கள் படித்துக்கொண்டனர். 'இம்மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று படம் மாட்டுவதற்கு ஆகும் செலவு, ஊதிய உயர்வுக்கு ஆகும் செலவைவிட மெத்தக் குறைவன்றோ!

சுகாதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஹெர்ஸ்பெர்க்கிற்கு அது உவமை. காஞ்சி மாவட்டத்திலோ அது உவமையாக இல்லை. சுங்குவார்சத்திரத்து பாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி பொருத்தும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில், 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நிலை என்னவாயிற்றோ என்று அறியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலே இரவில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது; விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தகுதிக்குக் கீழே இருந்தன என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்ப நேர்ந்தது. மறு சனவரியில்தான் ஆலை மீண்டும் இயங்கியது. சாலையில் அமரும் வரை அப்பெண்களின் சொல் ஏறவேண்டிய செவியில் ஏறவில்லை என்பதே இதில் நாம் காணும் உண்மை. சோறு கெட்டது; சொல்ல வழியும் இல்லை. இரண்டாவது குறை, நூலின் எந்தப் பட்டியலிலே அடங்கும்?

சொல்ல வழி என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. அவ்வூர்க் கோயில் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைப் பெருமையாக மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும்; அதிலே மெச்சத்தக்கவை உள. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையைக் குடத்திலிட்டு, ஊரார் முன் எடுத்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும், அவன் உறவினர்க்கும் மறுபடி இடமில்லை. 360 நாளோடு பதவி முடிந்தது. இன்றைய குழுமங்கள் பலவற்றில் இல்லாத கட்டுப்பாடு! எனினும் குடத்தில் விழுந்த ஓலை யாருடையது? வரி செலுத்தும் நிலம் கால் வேலியும் சொந்த மனையில் வீடும் உடையவன், வேதம் கற்றவன், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருப்பவன். ஏரி வாரியம் இருந்தது. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் ஓலையில் இல்லை. கழனி இருந்தது, நாற்று நட்டவள் பெயர் இல்லை. அவர்கள் ஊக்கமின்றி உழைத்தனரா, ஊக்கத்தோடு உழைத்தனரா என்று கல்லும் சொல்லவில்லை.

அந்த மாவட்டத்திலேதான், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 9-ஆம் நாள், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் துணிதுவைக்கும் பொறியும் செய்யும் ஆலை அது. ஊதிய உயர்வும் கேட்டனர். ஆனால் 37 நாள் அவர்களை வெளியே நிறுத்திய முதற் கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. ஹெர்ஸ்பெர்க் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள்: ஊக்கம் தருவனவற்றுள் முன்வரிசையில் நிற்பது எது? அங்கீகாரம்! பாடப்புத்தகம் பரிந்துரைத்த மருந்தையே தொழிலாளி கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை. தனியொருவனைப் பாராட்டுவதென்றால் அது மேலாண்மைக் கலை. கூடி நிற்பவரை ஏற்பதென்றால் அது ஒழுங்கீனம்! சங்கத்தின் பெயரிலே நிறுவனத்தின் பெயர் வரலாகாது என்றுகூட வாதிட்டனர். சட்டையிலே அப்பெயரைத் தைத்துத் தந்தவர்கள், சங்கத்தின் முகப்பிலே அதைக் காணப் பொறுக்கவில்லை. போராட்டப் பந்தலைக் காவல்துறை அகற்றிற்று, பலர் கைதாயினர். இவ்வளவும் கம்யூனிஸ்டு ஆட்சியிலோ காங்கிரசு ஆட்சியிலோ அன்று, தமிழ்நாட்டு ஆட்சியிலே நடந்தது என்பதையும் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அமைச்சர்கள் பேசியே உடன்பாடு வந்தது. பதிவோ, உயர்நீதிமன்றம் கெடு விதித்த பின்னரே வந்தது.

வேலையிலே நீ மிக மகிழ்ந்திருந்த வேளை எது என்ற அந்தப் பழைய வினாவை, சுங்குவார்சத்திரம் வாயிலிலே நின்று இன்று கேட்டால், சங்கத் தோழர்கள் நாளையே குறித்துச் சொல்வர்: சங்கம் பதிவான 2025 சனவரி 27. மிக வெறுத்த வேளையைக் கேட்டாலும் நெடுநேரம் எண்ண வேண்டியிராது. அடுத்த மாதமே சங்கப் பொறுப்பாளர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்; உடன் உழைப்போர் ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர்.