கல்லைத் துடைப்பவர்கள்

நகரத்து நினைவுச் சின்னங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வடிவத்தையே சுற்றிவந்திருக்கின்றன. 'எதிர்-நினைவுச்சின்னம்' என்ற கருத்தை 1992இல் பரவலாக்கிய ஜேம்ஸ் யங் முன்வைத்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியில் யோகன் கெர்ட்ஸ், எஸ்தர் ஷலேவ்-கெர்ட்ஸ் இருவரும் 1986இல் நிறுத்திய 12 மீட்டர் உயரத் தூண். ஈயத்தகடு போர்த்திய அந்தத் தூணில் பாசிசத்துக்கு எதிராக யாரும் பெயரைக் கீறலாம். எட்டும் உயரம் நிரம்பியதும் தூணை மண்ணுக்குள் இறக்குவார்கள். பெயர்களோடு காதல் கிறுக்கல்களும் ஸ்வஸ்திகாவும் சேர்ந்தே வந்தன. 1993இல் தூண் முழுதும் தரைக்குள் போனது. சாமர்த்தியமான படைப்புதான். ஆனால் அது இறங்கிய பிறகு அந்த ஊராருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. மக்கள் பங்கேற்பு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, கலைஞர் வகுத்த விளையாட்டில் ஊரார் வந்து ஆடிவிட்டுப் போவதாகவே இருக்கிறது.

கலைஞர் குந்தர் தெம்னிக்கின் 'ஸ்டோல்பர்ஸ்டைன்' எனும் இடறுகற்கள் வேறு வகை. பித்தளைத் தகடு பொருத்திய, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் சதுரக் கான்கிரீட் கட்டி. நாஜிகளுக்குப் பலியானவர் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசலில், நடைபாதையோடு சமமாகப் பதிக்கப்படுகிறது. பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டுபோகப்பட்டார், என்ன ஆனார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 1996இல் பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் தெம்னிக் 51 கற்களை அனுமதியின்றியே பதித்தார். சட்ட ஒப்புதல் பின்னால்தான் வந்தது. 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் பதிக்கப்பட்டது 1,00,000ஆவது கல். ஆவணக் காப்பகங்களில் தேடி விவரம் திரட்டுவதும் செலவை ஏற்பதும் பெரும்பாலும் தெருக்காரர்கள், பள்ளி மாணவர்கள், உறவினர்கள். பித்தளை கறுத்துப்போகும். ஆகவே ஆண்டுதோறும் நவம்பர் 9, ஜனவரி 27 போன்ற நினைவு நாட்களில் துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டுத் துடைக்க ஆள் வரவேண்டும். வராத தெருவில் கல் கண்ணில் படாமல் போகிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிர் தகட்டைவிட அந்தத் துணியில்தான் இருக்கிறது.

ம்யூனிக் நகரம் இதை ஏற்கவில்லை. இனஅழிப்பிலிருந்து தப்பியவரும் அந்நகர யூதச் சமூகத்தின் தலைவருமான ஷார்லட் க்னோப்ளோஹ், இறந்தவர் பெயர்களை மறுபடியும் காலால் மிதிப்பதா என்று கேட்டார். பொது நிலத்தில் கற்கள் கூடாது என்று நகரசபை 2004இல் முடிவெடுத்து, 2015இல் அதையே உறுதிசெய்தது. 2018 முதல் அங்கே சுவர்களிலும் சிறு தூண்களிலும் கண்மட்டத்தில் பெயர்ப் பலகைகள் வருகின்றன. படிப்பவர் தலை குனிகிறாரே என்று தெம்னிக் தரப்பில் சொல்கிறார்கள். அழகான பதில்தான், ஆனால் க்னோப்ளோஹின் கேள்வியை அது தீர்த்துவிடவில்லை. அங்கே இரண்டு பக்கத்திலும் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்கள் நிற்கின்றன. 'சமூகம் விரும்புகிறது' என்று ஒருமையில் எழுதும் ஆய்வாளர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அர்ஜென்டினத் தலைநகர் புவெனஸ் அய்ரெஸின் நினைவுப் பதிகற்கள், 1976–1983 சர்வாதிகாரத்தில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கானவை. 2005இன் இறுதியில் தொடங்கிய இந்த வேலையில் குடும்பத்தாரும் அண்டைவீட்டாரும் கூடிச் சிமென்ட் குழைத்து, வண்ணக் கண்ணாடித் துண்டு பதித்து, தாமே செய்கிறார்கள். இறந்தவரை வெறும் பலியாளாக நிறுத்தாமல் மக்கள் போராளி என்றே பல கற்கள் அழைக்கின்றன. ஜெர்மன் கற்களில் இல்லாத அரசியல் துணிச்சல் இது.

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், கோவிட் தொற்றில் உறவினரை இழந்தோர் 2021 மார்ச் இறுதியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளச் சுவரில் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினார்கள். ஓர் உயிருக்கு ஓர் இதயம். முதலில் பயன்படுத்திய பேனா மை வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பானது. அதன்பின் ஒரு தன்னார்வக் குழு வாரந்தோறும் வந்து, சுவருக்கான பெயின்ட் கொண்டு மறுபடி வரைகிறது.

பேணும் கைகள் இருந்தாலும் நிலத்தின் அதிகாரம் வேறிடத்தில் இருக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி, 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. அனுமதியில்லாக் கட்டுமானம் என்றது நிர்வாகம். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் தேதி வடக்கிலும் கிழக்கிலும் ஹர்த்தால். அன்று விடியும் முன்பே துணைவேந்தர் மாணவர்களோடு சேர்ந்து புதிய அடிக்கல் நாட்ட வேண்டியிருந்தது. ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. இடிப்புக்குப் பதிலடியாக, கனடாவின் பிராம்டன் நகரசபை அதே ஜனவரியில் தன் ஊரில் ஒரு சின்னம் அமைக்கத் தீர்மானித்தது. அது சிங்குவாகூசி பூங்காவில் 2025 மே 10 அன்று திறக்கப்பட்டது. முறைப்படி அனுமதி பெற்று, வேற்று நாட்டு மண்ணில் எழுந்த அந்தச் சின்னத்தையும் இலங்கை அரசு கடுமையாக எதிர்த்தது.