மொரிஸ் மைனரும் ஒரு சின்ன பல்பும்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து பஞ்சிகாவத்தை அதிக தூரமில்லை. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான மொரிஸ் மைனர் காரை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் உதிரிப்பாகம் தேடிப் போவது அங்கேதான்.

புது டிஸ்ரிபியூட்டர் மாட்டியதும் கார்பரேட்டர் வழியே ‘டப்’பென்று வெடித்தால் கைதேர்ந்த மெக்கானிக் பாஸ் பதறுவதில்லை. ஒன்றாம், நான்காம் பிஸ்டன்கள் எப்போதும் சேர்ந்தே மேலே வரும். அந்த நேரம் தீப்பொறி வேண்டியது இரண்டில் ஒன்றுக்குத்தான். முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றுவார். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் சரியான சுற்று. ரோட்டர் முதல் வயரைப் பார்க்கிறதா, வயர்கள் 1, 3, 4, 2 என்று இடஞ்சுழியாகப் போகின்றனவா என்று கவனிப்பார். பாதிக் கோளாறு இங்கேயே அகப்பட்டுவிடும்.

அடுத்ததுதான் அழகு. பொயின்ற் இடைவெளியை 0.38 மில்லிமீற்றருக்கு வைத்து, புல்லியின் குறியைப் பொருத்தி, சின்ன பல்பு ஒன்றை டிஸ்ரிபியூட்டர் வயருக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே மாட்டி, சுவிட்சைப் போட்டு, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்புவார். பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே நிறுத்தி இறுக்க வேண்டும்.

தீப்பொறி முந்தினால் மேட்டில் ‘நொக்’ அடிக்கும். பிந்தினால் வண்டி இழுக்காது, எஞ்சின் சூடாகும். இன்று இலங்கையில் பொதுவாகக் கிடைக்கும் பெற்றோல் 92, 95 ஒக்டேன். ஆகவே அன்றைய பெற்றோலுக்கு எழுதிய பழைய கையேட்டு எண்ணோடு நின்றுவிடாமல், ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்த பிறகே பாஸுக்குக் காசைக் கொடுங்கள்.