'அளவில்லாத' என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு

யூக்ளிடியான் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 2011 ஆகஸ்டில் வெளியிட்ட கிராஃபிக்ஸ் என்ஜின் வீடியோவை மறுபடி பார்த்தேன். வழக்கமான முக்கோணங்களை விட்டுட்டு, வெறும் புள்ளிகளாலேயே ஒரு தீவைக் கட்டியிருந்தாங்க. கன மில்லிமீட்டருக்கு 64 புள்ளிகள். அதை 'அளவில்லாத நுணுக்கம்' என்று விளம்பரப்படுத்தினார்கள். அன்னிக்கு நானும் வாயைப் பிளந்து பார்த்தவன்தான்.

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். மேற்பரப்பை மட்டும் எடுத்தாலும் சதுர மில்லிமீட்டருக்கு 16 புள்ளிகள் வரும். ஒரு சதுர கிலோமீட்டர் தரைக்கு 16 லட்சம் கோடி. புள்ளிக்கு ஒரே ஒரு பைட் என்று வைத்தாலும் 16 டெராபைட். அப்போதைய புளூரே வட்டு கொள்வது 50 ஜிகாபைட்.

பின்னே எப்படி ஓடிச்சு? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அதே மரம், அதே கல், திரும்பத் திரும்ப வரும். ஒரு இலைகூட அசையாது. மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் இதையெல்லாம் அப்போதே சுட்டிக்காட்டினார்.

நுட்பம் பொய்யில்லை. லேசர் ஸ்கேன் செய்த இடங்களைக் காட்ட அது பிற்பாடு பயன்பட்டது. அங்கே எதுவும் அசைய வேண்டியதில்லையே. தப்பு 'அளவில்லாத' என்ற சொல்லில்தான்.

2020-இல் அன்ரியல் என்ஜின் 5 டெமோவும் ஒரு ஃபிரேமில் நூறு கோடி முக்கோணங்கள் என்று மிரட்டியது. ஆனா அதைச் சுருக்கி, உண்மையில் வரைவது சுமார் 2 கோடிதான் என்பதையும் அவங்களே சொல்லிட்டாங்க. அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நான் இப்போ நம்புறதில்லை.