செய்து பார்த்தால் மட்டும் போதுமா?

நடுநிலைப் பள்ளியில் அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்விக்கு, ஏட்டில் அல்லாமல் வகுப்பறையில் விடை தேடிய முயற்சி ஒன்று உண்டு: மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இயங்கிய நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் 1972-இல் 16 பள்ளிகளில் இதைத் தொடங்கின. 1978-இல் ஹோஷங்காபாத் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பிறகு இதை நடத்தியது. 2002-இல் மாநில அரசு இதை நிறுத்தியது. 'செய்து கற்றல்' என்று இன்று எங்கும் பேசப்படும் முறையை எடைபோட இந்த முப்பது ஆண்டுகளைவிட நல்ல சான்று நம் நாட்டில் அரிது.

முதல் பலம், பாடநூல். 'பால் வைக்யானிக்' என்ற அந்த நூல் விடைகளைச் சொல்லாது. சோதனையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். மாணவர்கள் குழுவாக இலைகளைச் சேகரித்து, தாங்களே ஓர் அடிப்படையை வகுத்துக்கொண்டு அவற்றைப் பிரிப்பார்கள். அளவீடுகளின் ஏற்ற இறக்கத்துக்கென்று ஒரு பாடமே இருந்தது. ஒரே மேசையைப் பத்துப் பேர் அளந்தால் பத்து விடை வரும். அதில் எவரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. அளவீடு என்றாலே பிழையின் எல்லையும் சேர்ந்தது என்பதைக் கல்லூரி ஆய்வகத்தில்தான் நம்மில் பலர் முதன்முறையாகக் கேள்விப்படுகிறோம். அங்கே கிராமத்துச் சிறுவர்கள் அதைக் கையால் தொட்டு அறிந்தார்கள்.

இரண்டாவது பலம் அதைவிடப் பெரியது. புத்தகத்தை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் நிற்கவில்லை, தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் திறந்து வைத்து எழுதும் தேர்வு, கூடவே செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆசிரியர்களுக்குக் கோடையில் பயிற்சி, மாதந்தோறும் கூட்டம்; டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த அறிவியலாளர்கள் அவர்களோடு அமர்ந்து விவாதித்தார்கள். 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் குழந்தைகள் கடிதம் எழுதிக் கேள்வி கேட்கலாம்; பதில் வரும்.

குறை எங்கே? எதையும் குழந்தை தானே கண்டறிய வேண்டும் என்ற நம்பிக்கையில்தான். சோதனையால் எட்ட முடியாதவை என்பதால் அணு, மூலக்கூறு போன்ற கருத்துகளை இந்தத் திட்டம் பாடத்துக்கு வெளியே வைத்தது. தன் கொள்கைக்கு அது நேர்மையாக இருந்தது; ஆனால் மாணவருக்கு இழப்பு. டால்டன் 1808-இல் நூலாக வெளியிட்ட அணுக்கொள்கை ஐயமற நிலைபெற, இயற்பியலாளர் பெரின் 1908-ஐ ஒட்டிச் செய்த சோதனைகள் வரை ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஒரு நூற்றாண்டு வளர்ந்த அறிவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு பாடவேளையில் கண்டுபிடிக்காது. யாராவது சொல்லித்தான் தர வேண்டும். உப்பு தண்ணீரில் கரைவதைப் பத்து முறை செய்து பார்த்தாலும், கரைந்த உப்பு எங்கே போயிற்று என்பதற்குத் துகள் என்ற கருத்தில்லாமல் விளக்கம் கிடையாது. செய்து பார்ப்பது கேள்வியை எழுப்பும். விளக்கத்தைத் தானாகவே தந்துவிடாது.

இன்னொரு குறை அமைப்பு சார்ந்தது. எட்டாம் வகுப்பு வரை கேள்வி கேட்கப் பழகிய மாணவர், ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாட முறைக்கே திரும்ப வேண்டியிருந்தது. உயர்நிலைத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்ற புகார் இந்த இடைவெளியில்தான் வேர்விட்டது. திட்டத்தை நிறுத்தச் சொன்னவர்களுக்கு அதுவே ஆயுதமாயிற்று. நடைமுறைச் சுமையும் இருந்தது: பள்ளியின் சோதனைப் பெட்டியில் பொருள் தீர்ந்தால் நிரப்ப வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறுதலாகிப் போனால் புதியவரைத் தயார்செய்ய வேண்டும். இதற்கெல்லாம் அரசு இயந்திரத்தின் தொடர்ந்த அக்கறை தேவை. அந்த அக்கறை இல்லாத இடத்தில் எந்தச் சோதனைப் பெட்டியும் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

ஹோஷங்காபாத் தோற்றது என்று சொல்ல மாட்டேன். அதன் கோட்பாட்டில் ஒரு பகுதி மிகை. அதன் நடைமுறையில் பெரும்பகுதி சரி. ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டது எளிய பாதியை மட்டும்தான். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் 'செயல்பாடு' என்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். தேர்விலோ வரையறையைத்தான் கேட்கிறோம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்பிக்கும்.

பிள்ளைகள் கண்டறியக்கூடியதை அவர்களே கண்டறியட்டும். முடியாததை, அறிவியலாளர்கள் எந்தச் சான்றைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற கதையோடு ஆசிரியர் சொல்லித் தரட்டும். இரண்டையும் மதிப்பிடத் தெரிந்த ஒரு தேர்வை முதலில் உருவாக்குவோம். புதிய பாடநூல் அதன் பிறகு வரட்டும்.