மேடைக் குரலில் எழுந்த நாவல்: வை.மு.கோதைநாயகி அம்மாள்

115 நாவல்களை எழுதியவரும் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவருமான வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960) கையாண்டது பிரசார நாவல். அதாவது ஒரு கொள்கையை வாசகர் மனத்தில் பதியவைப்பதற்காகவே கதையை அமைக்கும் முறை.

ஐந்து வயதிலேயே மணமுடிக்கப்பட்டுப் பள்ளிக்கூடம் அறியாதிருந்த அவர், தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொள்ள, 1924-இல் வெளியிட்டார். வாய்மொழியாகத் தொடங்கிய அந்த எழுத்து கடைசிவரை பேச்சின் இயல்பை இழக்கவில்லை. 1925-இல் 'ஜகன்மோகினி' இதழின் பொறுப்பை ஏற்றதும், அதே ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்துப் பட்டையும் நகைகளையும் துறந்து கதர் உடுத்தியதும், கள்ளுக்கடை மறியலில் இறங்கியதும் ஒரே குரலின் வெவ்வேறு வெளிப்பாடுகளே. அரசியல் கூட்டங்களுக்கு வர இயலாத பெண்களிடம் மதுவிலக்கையும் விதவை மறுமணத்தையும் அடுக்களைவரை கொண்டுசேர்த்தது தொடர்கதை. அக்காலத்தில் வேறு எந்த அரசியல் கருவிக்கும் அந்த இடத்தில் நுழைவு இருக்கவில்லை என்பதால், இதைச் சிறிய சாதனையாக மதிப்பிடுவது பெரும் பிழை.

இம்முறையின் குறையும் அதே குரலிலிருந்தே பிறக்கிறது. பாத்திரங்கள் உரையாடுவதை விட்டுச் சொற்பொழிவாற்றத் தொடங்குகின்றன. தீயவர் மனம் திருந்துவதோடு சிக்கல் அவிழ்ந்துவிடுவதால், குழந்தை மணத்தைத் தடுக்க 1929-இல் சாரதா சட்டமே தேவைப்பட்ட ஒரு சமூகத்தில், தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு அப்பால் நிற்கும் அமைப்பின் கொடுமை கதைக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது. இதழின் அவசரமும் இதற்குத் துணைபோயிற்று. 115 என்னும் எண்ணிக்கை உழைப்புக்குச் சான்றாகுமே தவிர, செப்பத்துக்கு ஆகாது.

ஆயினும், இக்குறைகளைச் சுட்டி அவரை வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளராக ஒதுக்கியதில் நியாயமில்லை. சிறையிலிருந்தபோது 'சோதனையின் கொடுமை' நாவலை எழுதிய, பின்னாளில் அரசு அளித்த நிலத்தைப் நிலமற்றோருக்காக நிலம் திரட்டிய பூதான இயக்கத்துக்கே வழங்கிய ஒருவரின் எழுத்தை அவரது அரசியலிலிருந்து பிரித்து எடைபோட முடியாது. அவருடைய நாவல்கள் அனைத்தையும் மறுபதிப்பிடுவதைவிட, சிறைக்கால எழுத்துகளையும் 'ஜகன்மோகினி' பக்கங்களையும் இணைத்து ஆய்வுக் குறிப்புகளுடன் ஒரே தொகுதியாக வெளியிடப் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும்.