வெள்ளியும் திருநீறும்

பொன் நகை அணிகிறவர்கள் அறியாத ஒரு சுகம் வெள்ளி நகை அணிகிறவர்களுக்கு உண்டு. நல்ல பொன் கறுப்பதில்லை. ஆகையால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும் விசேஷ நாட்களில் எடுத்து அணிவதும் தவிர, அதனோடு நமக்கு வேறு உறவு ஏற்படுவதற்கு இடமில்லை. வெள்ளியோ, சில மாதம் கவனியாமல் விட்டால் மங்கி, பிறகு மஞ்சளித்து, கடைசியில் கறுத்துப் போய், யாராவது தன்னை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகத் துலக்க வேண்டுமென்று காத்துக் கிடக்கிறது. அவ்வாறு துலக்குகிறபோதுதான், கடையில் விலை பேசியபோதும் காலில் கிடந்தபோதும் நம் கண்ணுக்குத் தப்பிய நகாசு வேலை அத்தனையும் விரல் நுனிக்குத் தெரிய வருகிறது.

சேலத்துக் கொலுசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வீடுகளையே பட்டறைகளாகக் கொண்டு நடந்துவரும் அந்தத் தொழிலில், ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கையால் முடிவது அபூர்வம். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பவர் ஒருவர், பூவும் அரும்பும் அச்சில் அடிப்பவர் இன்னொருவர், அவற்றை ஒன்றோடொன்று பற்றவைப்பவர் வேறொருவர், சலங்கை கோப்பவரும் மெருகிடுபவரும் பிறர் என்று பல கைகளைக் கடந்தே அது கடைக்கு வந்து சேருகிறது. புதிதாக இருக்கும்போது இந்தக் கைகளின் வேறுபாடு எதுவும் புலப்படாது. மெருகு எல்லாவற்றையும் மூடியிருக்கும். கொஞ்சம் கறுக்க வேண்டும். பற்றவைப்பதற்கு உபயோகிக்கும் பொடியில் வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால், பெரும்பாலும் பற்று வைத்த இடங்களே முந்திக்கொண்டு நிறம் மாறும். அப்போது எந்த அரும்பு எந்த வளையத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, பற்று சிக்கனமாக ஓடியிருக்கிறதா, வழிந்து அசிங்கமாயிருக்கிறதா என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கொலுசு வாங்குவதில் தேர்ந்தவர்கள், பளபளக்கும் புது உருப்படியைவிட லேசாகக் கறுத்த பழைய உருப்படியைப் பார்த்தே வேலையின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள் என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

உடம்பில் சூடு ஜாஸ்தியானால் கொலுசு கறுக்கும் என்பது நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. வியர்வைக்கும் இதில் பங்கு உண்டுதான்; ஆயினும் மூல காரணம் கந்தகம். முட்டையிலும் வெங்காயத்திலும் ரப்பரிலும் கம்பளியிலும் உள்ள கந்தகம், சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, இவற்றில் எதுவானாலும் வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுகிறது. கூவக் கரையில் மூக்கைப் பிடிக்க வைக்கிற வாயுவும் இதுவேயாதலால், அங்கே குடியிருப்போர் கொலுசு கறுப்பதற்குத் தங்கள் தேகத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தச் சல்பைடுப் படலம் மிக மெல்லியதாயிருக்கையில் இள மஞ்சளாகவும், தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பாகவும், பிறகு ஊதாவும் நீலமும் கலந்த ஒரு விசித்திர வர்ணமாகவும் தோன்றி, முடிவில் கறுப்பாகிறது. படலத்தின் கனத்துக்கேற்ப ஒளி பிரிந்து திரும்புவதால் உண்டாகும் வர்ண ஜாலம் அது. அந்த ஊதாப் பருவத்தில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்க எனக்கு எப்போதும் மனம் வருவதில்லை.

இனி, துலக்கும் சாமான்களைப் பற்றி. புளி, எலுமிச்சை, சீயக்காய், பூந்திக்கொட்டை, திருநீறு, பற்பசை, சமையல் சோடா, கடையில் விற்கும் திராவகம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சம்பிரதாயம். புளியின் கீர்த்தி உண்மையில் செம்புக்கும் பித்தளைக்கும் உரியது. அதன் புளிப்பு செம்பின் களிம்பைக் கரைக்குமே ஒழிய, வெள்ளியின் சல்பைடிடம் அதிகம் சாயாது. புளி போட்டு வெள்ளி பளிச்சென்று ஆயிற்று என்பவர்கள், புளியைக் காட்டிலும் தேய்த்த கையைத்தான் பாராட்ட வேண்டும். பற்பசையை நான் அடியோடு வெறுக்கிறேன். பல்லின் மேற்பூச்சு வெள்ளியைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. அதற்கென்று செய்த உராய்பொருளை மென்மையான வெள்ளியின் மேல் போட்டுத் தேய்த்தால், கறுப்பு போகும், கூடவே கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் ஆயிரம் விழுந்து, மெருகுக்குப் பதிலாக ஒரு சாம்பல் பூத்த வெளுப்பு வந்து சேரும். திராவகத்தில் முக்கி எடுப்பது நொடியில் முடிகிற வேலை. அப்படி எடுத்த நகையில் உயிர் இருப்பதில்லை.

திருநீறு விஷயம் வேறு. சுத்தமாகச் சாணத்தைச் சுட்டு எடுத்த திருநீற்றில், பசு மேய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் இருந்த மணற்சத்து மிக நுண்ணிய துகளாகத் தங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் காரமும் உண்டு. வாசனையும் வர்ணமும் சேர்த்துப் பொட்டலத்தில் வருவதை விட்டு, வெறும் திருநீறாகப் பார்த்து வாங்கி, பழைய மல்வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கரடான துகள் போதும், நகையின் முகத்தில் கோடு போட்டுவிடும். சலித்ததைச் சில துளி நீர் விட்டுச் சந்தனம்போல் குழைத்து, கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் தொட்டுக்கொண்டு, கொலுசின் நீளவாக்கில் ஒரே திசையாக, அவசரமில்லாமல் உருவி வர வேண்டும். முதலில் விழுது கறுக்கும், விரலும் கறுக்கும். பிறகு அரும்பின் நெற்றியில் ஒரு வெண்புள்ளி தோன்றி, அது விரிந்து, அடுத்த அரும்போடு சேர்ந்து, வளையத்தின் முதுகெல்லாம் பரவும் அந்தச் சில நிமிஷங்கள், கைத்தொழிலில் ருசி உள்ள எவரையும் வேறு ஜோலியை மறக்கச் செய்துவிடும். அதன்பின் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, இடுக்கில் தங்கிய சாம்பலை மிருதுவான பிரஷ்ஷால் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துவட்டிவிட வேண்டும். பட்டறைகளிலும் பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான். அங்கே பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள், வீட்டில் அதைச் செய்யத் துணிய வேண்டாம்.

விரல் எட்டுகிற இடம் வெளுக்கும். எட்டாத பள்ளம் கறுத்தே நிற்கும். இதைக் குறையென்று எண்ணி, குச்சியும் ஊசியும் கொண்டு ஒவ்வொரு பள்ளத்தையும் குடைந்து வெளுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சிரத்தையை மெச்சலாம், ரசனையை மெச்சுவதற்கில்லை. பள்ளத்தில் நிழல் இருந்தால் அல்லவா மேடு எழும்பித் தெரியும்? எங்கும் ஒரே வெண்மையாயிருக்கும் பூவேலை பத்தடி தூரத்தில் தட்டையான தகடாகிவிடுகிறது. இதழ்களுக்கு இடையே மெல்லிய கறுப்பு ஓடுகிற பூவோ, மங்கின விளக்கிலும் தன் ஒவ்வொரு இதழையும் தனித்தனியே காட்டுகிறது. இக்காலத்தில் கந்தகக் கரைசலில் முக்கி வேண்டுமென்றே கறுப்பேற்றி, மேட்டை மட்டும் துடைத்துப் பழைய நகைபோல் விற்பதும் இந்த ரகசியத்தை அறிந்தே. காலம் இனாமாகக் கொடுத்த நிழலை ஊசியால் குடைந்து எறிந்துவிட்டு, அதே நிழலைக் கடையில் கூலி கொடுத்து வாங்குவது என்ன நியாயமோ!

இந்த இடத்தில், அலுமினியத் தாள் கட்சியாருக்கு நியாயம் செய்யாமல் போகக் கூடாது. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடாவும் உப்பும் கரைத்த கொதிநீரை ஊற்றினால், அழுகிய முட்டை நாற்றம் லேசாக வீச, கறுப்பு நம் கண்முன்னாலேயே மறைகிறது. அலுமினியம் கந்தகத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு வெள்ளியை வெள்ளியாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்பது இதன் தத்துவம். வெள்ளி சல்பைடில் எடைக்கு 100 பங்கில் 87 பங்கு வெள்ளி. ஆகவே திருநீற்று விழுதில் கறுப்பாக நாம் கழுவி ஊற்றுவதில் பெரும்பகுதி நம்முடைய வெள்ளிதான் என்று அவர்கள் வாதிக்கிறபோது, மறுத்துப் பேச வழியில்லை. வருஷம் தவறாமல் அழுத்தித் தேய்க்கப்பட்ட பழைய சந்தனக் கிண்ணங்களில் கொடியும் கிளியும் மழுங்கிப் போயிருப்பது அவர்கள் பக்கத்துச் சாட்சி. ஆனால் அந்தக் கொதிநீருக்கு மேடு பள்ளம் என்ற விவேகம் கிடையாது; நிழலையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். எனவே என் அபிப்பிராயம் இது: சித்திர வேலை இல்லாத டம்ளர், தட்டு, அரைஞாண் போன்றவற்றுக்கு அலுமினியத் தாளே உத்தமம், பூவேலை உள்ள எதற்கும் திருநீறும் விரலும்தான், அதுவும் வருஷத்துக்கு ஓரிரு முறை, அழுத்தாமல்.

கொதிநீரே ஆகாத நகைகளும் உண்டு. உள்ளே அரக்கு நிரப்பிய பழைய காப்பையும் தண்டையையும் வெந்நீரில் போட்டால் அரக்கு இளகி நகையின் வடிவமே கெடும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. எலுமிச்சை பட்டால் அவற்றின் முகம் அரித்துப்போகும். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியின்மேல் தங்க ரேக்கு ஒட்டிச் சிவப்புக் கல் பதித்துச் செய்யும் நாட்டிய நகைகளுக்குத் திருநீறு எமன். மிருதுவான உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தினமும் காலில் கிடக்கிற கொலுசு, புடவைக் கரையிலும் பாதத்திலும் உராய்ந்து உராய்ந்து, பெட்டியில் உறங்கும் கொலுசைவிடப் பிரகாசமாகவே இருக்கும். பெட்டியில்தான் வைத்தாக வேண்டுமென்றால், நன்றாக ஈரம் போக உலர்த்தி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பியில் ஒரு சாக்கட்டித் துண்டோடு வைப்பது நலம். கொலுசு வாங்கும்போது ஜோடி பிரியாமலிருக்கச் சில கடைகளில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு நூலால் கட்டி வைக்க வேண்டும்.